முயல் குட்டி காதுல பொருக்கு: உரிச்சு எடுக்கலாமா?

பிப்ரவரி 6, காலை

கேள்வி இது: "ஒன்றரை மாசக் குட்டி, ஒயிட் ஜெயண்ட் ரகம். ஒரு காதுக்குள்ள பழுப்பா பொருக்கு கட்டியிருக்கு. தலையை உதறிக்கிட்டே இருக்கு, பின்னங்காலால காதைச் சொறியுது. பக்கத்துப் பண்ணைக்காரர் பொருக்கை உரிச்சு எடுத்துட்டு வேப்பெண்ணெய் விடச் சொல்றார். செய்யலாமா?"

உரிக்காதீங்க தம்பி. இதுக்கு மேல படிக்க நேரமில்லைன்னா இந்த ஒரு வார்த்தை போதும். அந்தப் பொருக்குக்கு அடியில பச்சைப் புண் இருக்கு. உரிச்சா ரத்தம் கசியும், குட்டி துடிக்கும், வலி தாங்காம தீவனத்தை நிறுத்திடும். முயல் அரை நாள் சாப்பிடாம இருந்தாலே குடல் மந்தமாயிடும். காது நோயில சாகாத குட்டி அதுல செத்துப்போகும். சரியான மருந்து போட்டா உள்ள இருக்கிற பூச்சி செத்து, அடியில தோல் வளர்ந்து, பொருக்கு தானா கழண்டு விழும். அதுவரைக்கும் பொறுக்கணும்.

பிப்ரவரி 6, ராத்திரி

காலையில அவசரமா எழுதிட்டுப் போயிட்டேன், இப்ப விவரமா.

நீங்க சொல்ற அடையாளத்துக்கு முதல்ல நினைக்க வேண்டியது காது சொறி. சோரோப்டஸ் குனிகுலைன்னு ஒரு சிற்றுண்ணி. இது தோலைத் துளைச்சு உள்ள போறதில்ல, காதுக்குழாய் தோல் மேலேயே குடியிருந்து தோலைக் குத்தும். குத்தின இடத்துல நீர் கசியும், அது காயும், அதுக்கு மேல மறுபடி கசியும், மறுபடி காயும். அதனாலதான் அந்தப் பொருக்கு வெங்காயச் சருகு மாதிரி அடுக்கடுக்கா இருக்கு. அந்த அடுக்குக்கு நடுவுல பூச்சி, முட்டை, பூச்சியோட எச்சம் எல்லாம் சேர்ந்து கிடக்கும்.

சந்தேகமா இருந்தா ஒண்ணு பண்ணுங்க. உரிக்க வேணாம், தலையை உதறும்போது கூண்டுக்கு அடியில தட்டுல தானா விழுந்த துண்டு ஒண்ணை எடுங்க. கறுப்புத் தாள்ல வைங்க. இளவெயில்ல கொஞ்ச நேரம் காட்டுங்க. பூச்சி அரை மில்லிமீட்டர் அளவுதான். ஆனா வெயில் சூடு பட்டதும் தூசி மாதிரி இருந்த வெள்ளைப் புள்ளி நகர ஆரம்பிக்கும். பூதக்கண்ணாடி இருந்தா இன்னும் தெளிவா தெரியும். நான் முதல் தடவை இதைப் பார்த்தப்ப ஒரு நகத்தளவு துண்டுல அத்தனை உயிர் ஊர்ந்துச்சு. இதெல்லாம் ஒரு குட்டி காதுக்குள்ள ராவும் பகலும் ஊர்ந்துகிட்டு இருந்துச்சுன்னு நினைச்சப்ப எனக்கே காது அரிச்சது.

இந்தப் பூச்சி மனுஷங்களுக்குத் தொத்தாது. வீட்டுல குழந்தைங்க இருக்காங்கன்னு பயந்து முயலை விக்க வேணாம்.

பிப்ரவரி 7

தம்பி, தாய் முயலைப் பார்த்தீங்களான்னு கேட்க விட்டுப்போச்சு.

குட்டி பிறக்கும்போது காது மூடித்தான் இருக்கும். ஒரு வாரம் கழிச்சுத்தான் காதுத் துளையே திறக்கும், கண் திறக்க பத்துப் பன்னெண்டு நாள் ஆகும். அதுக்கப்புறமும் தாய் ஈன்ற குட்டிப் பெட்டியை விட்டு வெளிய வர ஒரு வாரமாவது ஆகும். ஆக, ஒன்றரை மாசக் குட்டிக்குக் காதுல பூச்சி இருந்தா, அது பெரும்பாலும் தாய்கிட்ட இருந்துதான் வந்திருக்கும். பால் குடிக்கும்போது, ஒட்டிப் படுத்துக் கிடக்கும்போது ஏறியிருக்கும்.

சிக்கல் என்னன்னா, தாய்க்குப் பார்வைக்கு ஒண்ணுமே தெரியாம இருக்கலாம். மேல் காது சுத்தமா இருக்கும், அடியில குழாய்க்குள்ள மட்டும் கொஞ்சம் பழுப்பா இருக்கும். இப்படிப் பாருங்க: சாயங்காலம் வெளிச்சம் குறைஞ்ச பிறகு முயலை ஒரு துண்டுல சுத்தி மடியில வைங்க, பின்னங்கால் உதைக்காத மாதிரி. காதோட வெளிப்பக்கத்துல செல்போன் டார்ச்சை வைங்க. காது மடல் முழுக்க ரோஸ் நிறமா ஒளிரும், நடுவுல ரத்தநாளம், ஓரத்துல கிளை ரத்தநாளம் எல்லாம் கோடு கோடா தெரியும். அடிப்பக்கத்துல இருட்டா ஒரு திட்டு நின்னா அங்க ஏதோ அடைஞ்சிருக்குன்னு அர்த்தம். அப்புறம் டார்ச்சை உள்பக்கம் திருப்பிப் பாருங்க. இயர்பட்ஸ் விட்டுக் குடையாதீங்க, அழுக்கை இன்னும் ஆழத்துக்குத்தான் தள்ளும்.

பிப்ரவரி 7, மதியம்

தம்பி பதில் போட்டுட்டார். தாய்க்கு ரெண்டு காதுலயும் அடியில இருக்காம். கூடப் பிறந்த குட்டிங்கள்ல இன்னும் ரெண்டுக்கு லேசா ஆரம்பம்.

அப்ப வைத்தியம் அந்தக் கொட்டகை மொத்தத்துக்கும்தான். ஒரு குட்டிக்கு மட்டும் மருந்து போட்டா ஒரு மாசத்துல மறுபடி இங்க வந்து இதே கேள்வியைக் கேட்பீங்க.

பிப்ரவரி 8

மருந்து பத்தி நிறைய பேர் கேட்டுட்டாங்க, ஒரே இடத்துல சொல்லிடறேன்.

கால்நடை டாக்டருங்க வழக்கமா போடறது ஐவர்மெக்டின் ஊசி, தோலுக்கு அடியில. அளவு கிலோவுக்கு 200-லிருந்து 400 மைக்ரோகிராம். மருந்து முட்டையைக் கொல்லாது, பொரிச்சு வர்ற பூச்சியைத்தான் கொல்லும். முட்டையிலிருந்து வளர்ந்து மறுபடி முட்டை போடற வரைக்கும் அந்தப் பூச்சிக்கு ஏறக்குறைய மூணு வாரம். அதனால 10-லிருந்து 14 நாள் கழிச்சு ரெண்டாவது ஊசி கட்டாயம். சிலதுக்கு மூணாவதும் வேணும். முதல் ஊசிக்கு அப்புறம் முயல் துள்ளிக் குதிக்கறதைப் பார்த்துட்டு ரெண்டாவதை விட்டுடறவங்கதான் அதிகம். மீந்திருந்த முட்டை பொரிச்சு எல்லாம் முதல்லேருந்து ஆரம்பிக்கும்.

"மருந்துக் கடையில வாங்கி நானே போட்டுக்கலாமா?"ன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். குட்டிக்கு வேணாங்க. ஏன்னு கணக்குப் போட்டே காட்டறேன். மாட்டுக்கு விக்கற 1 சதவீத ஊசி மருந்துல ஒரு மில்லிக்கு 10 மில்லிகிராம் இருக்கு. 800 கிராம் குட்டிக்குத் தேவை 0.16-லிருந்து 0.32 மில்லிகிராம். அதாவது 0.016-லிருந்து 0.032 மில்லி. 40 யூனிட் இன்சுலின் சிரிஞ்சுல ஒரு கோடே 0.025 மில்லி. முக்கால் கோடு, ஒரு கோடு, அதுக்குள்ளதான் குட்டியோட பிழைப்பு. கை கொஞ்சம் நடுங்கினா ரெண்டு மடங்கு, மூணு மடங்கு உள்ள போயிடும். சாதாரண சிரிஞ்சுல "கண்ணளவா" போட்டுக் குட்டியைப் பறிகொடுத்தவங்க எங்க பக்கம் உண்டு. ஊர்ல இருக்கற கால்நடை மருந்தகத்துக்கு ஒரு கூடையில வச்சுக் கொண்டு போங்க. போகும்போது ஒவ்வொரு குட்டியோட எடையையும் தராசுல போட்டு எழுதிக்கிட்டுப் போங்க, டாக்டருக்கு அதுதான் பெரிய உதவி.

கறிக்கு வளர்க்கறவங்க இன்னொண்ணும் கவனிக்கணும். ஊசி போட்ட முயலை உடனே கறிக்கு அனுப்பக் கூடாது. எத்தனை நாள் நிறுத்தணும்னு ஊசி போடும்போதே டாக்டர்கிட்ட கேட்டு, கூண்டு அட்டையில எழுதித் தொங்கவிடுங்க.

பிப்ரவரி 8, ராத்திரி

அவசரம். மேட்டூர் பக்கத்துல இருந்து ஒரு அண்ணன் "நாய்க்கு உண்ணி போக அடிக்கிற ஸ்பிரே வீட்டுல இருக்கு, அதையே முயலுக்கு அடிக்கலாமா"ன்னு கேட்டிருக்கார். பாட்டில்ல ஃபிப்ரோனில்னு போட்டிருந்தா தொடவே தொடாதீங்க. நாய்க்கும் பூனைக்கும் ஒத்துக்கற அந்த மருந்து முயலுக்கு விஷம். வலிப்பு வந்து சாகும், குட்டியா இருந்தா ரொம்பச் சீக்கிரம். தெரியாம ஏற்கனவே அடிச்சிருந்தா அந்த முயலைத் தூக்கிக்கிட்டு இப்பவே டாக்டர்கிட்ட ஓடுங்க, நாளைக்குக் காலைன்னு தள்ளாதீங்க.

பிப்ரவரி 10

எண்ணெய் விஷயம். ரெண்டு பக்கமும் வாக்குவாதம் நடக்குது, நான் பார்த்ததைச் சொல்றேன்.

எண்ணெய் சும்மா இல்ல. பொருக்கை ஊற வைக்கும், பூச்சிக்கு மூச்சு முட்டும். ஊசி மருந்து கைக்கு வராத காலத்துல எல்லாரும் எண்ணெயைத்தான் நம்பினாங்க. எங்க அம்மா காலத்துல புங்கெண்ணெய்ல கந்தகம் குழைச்சுத் தடவினாங்க, பலனும் இருந்துச்சு. ஆனா தினம் தடவணும், வாரக்கணக்கா விடாம செய்யணும், குழாயோட ஆழத்துல இருக்கற பூச்சிக்கு எண்ணெய் போய்ச் சேராது. முயலோட காதுக்குழாய் முதல்ல நேரா கீழ இறங்கி அப்புறம் உள்பக்கமா திரும்பும். நாம தடவறது மேல் பாதிக்குத்தான். ஊசி மருந்து ரத்தம் வழியா எல்லா இடத்துக்கும் போகும். லேசான சொறிக்கு, மேலாப்புல, ஊசியோட கூட எண்ணெயும் தடவலாம்ங்கறது என் எண்ணம்.

பிப்ரவரி 11

நேத்து எழுதினதுக்கு ஒரு நிபந்தனை சேர்க்கணும். தேனியில ஆஸ்பத்திரி வச்சிருக்கற கால்நடை டாக்டர் ஒருத்தர் இந்தப் பதிவுகளைப் படிச்சுட்டுச் சொன்னார்: செவிப்பறை கிழிஞ்சிருக்கான்னு தெரியாம காதுக்குள்ள எதையும் ஊத்தக் கூடாது. கிழிஞ்சிருந்தா எண்ணெய் நடுக்காதுக்கு இறங்கி, சொறியா இருந்தது சீழாயிடும். அவர் சொல்றது சரிதான்னு எனக்கும் படுது. நான் பார்த்த வரைக்கும் எண்ணெயால கெட்ட காதுன்னு ஒண்ணு இல்ல. ஆனா அந்தக் காதுங்களோட செவிப்பறையை யாரும் கருவி வச்சுப் பார்த்ததும் இல்லையே. அதனால இனி என் வரிசை இது: டாக்டர் உள்ள பார்த்து ஒண்ணுமில்லைன்னு சொன்னா மட்டும் எண்ணெய், அதுவும் மடல்ல தடவறதோட சரி. ஊத்தறது கிடையாது.

பிப்ரவரி 13

"முயல் காதுன்னா பூச்சிதான், வேற வியாதியே இல்லை"ன்னு ஒரு பெரியவர் அடிச்சுப் பேசறார். அவர் பிடிச்ச முயலுக்கு மூணே கால்! ஐயா, கோவிச்சுக்காதீங்க, காதுல வேற என்னென்ன வரும்னு சொல்றேன்.

காதோட ஓரம், மூக்கு நுனி, உதடு, நகத்தைச் சுத்தின இடம், இங்கெல்லாம் வெள்ளையா மாவு படிஞ்ச மாதிரி பொருக்கு வந்தா அது வேற சொறி. சார்கோப்டஸ். இது தோலைக் குடைஞ்சு உள்ள போகும், முயல் மெலிஞ்சுபோகும். வளர்க்கறவங்களுக்கும் கையில அரிப்பு வரும். இதுக்கும் ஐவர்மெக்டின்தான், ஆனா கவனிக்காம விட்டா குட்டி தாங்காது.

காது ஓரத்துல வட்டமா முடி உதிர்ந்து, சாம்பல் நிறத்துல செதில் செதிலா இருந்தா படர்தாமரை. இது பூஞ்சை, பூச்சி மருந்துக்கு மசியாது. குட்டிங்களுக்குத்தான் அதிகம் வரும், தூக்கிக் கொஞ்சற பிள்ளைங்க கையிலயும் வட்டம் வட்டமா வந்துடும். வீட்டுல யாருக்காவது படர்தாமரை புதுசா வந்திருந்தா முயல் காதையும் ஒரு தடவை பாருங்க.

பிறந்த குட்டிக்குக் காது பாதி இல்லைன்னா தாய் கடிச்சிருக்கலாம். குட்டியை நக்கிச் சுத்தம் பண்ணும்போது, முதல் ஈத்து முயல் சில நேரம் காது, வால் நுனியைச் சேர்த்துக் கடிச்சிடும். ஈனற நேரத்துல தண்ணி இல்லாம போறது, நாய் குரைக்கறது, ஆள் எட்டி எட்டிப் பார்க்கறது, இதெல்லாம் காரணம். புண்ணு ஆறிட்டா அந்தக் குட்டி நல்லாவே வளரும், அரைக் காதோட எங்ககிட்ட ஒரு பெண் முயல் பல ஈத்து போட்டுச்சு.

கொஞ்சம் வளர்ந்த குட்டிக்குக் காலையில பார்த்தா காது நுனியில ரத்தமா? எலி. வலை வழியா பல்லை நீட்டிக் கடிக்கும். எறும்பும் அப்படித்தான், பெட்டிக்குள்ள முடியில்லாம கிடக்கற குட்டியோட காதையும் கண்ணையும்தான் முதல்ல மொய்க்கும். கூண்டுக் கால் ஒவ்வொண்ணையும் தண்ணி ஊத்தின கிண்ணத்துல நிறுத்துங்க, கிண்ணம் காயாம பார்த்துக்குங்க.

அடையாளத்துக்குக் காதுல பச்சை குத்தறவங்க, கம்மல் மாட்டறவங்க ஊசியைச் சுத்தம் பண்ணாம அடுத்தடுத்து குத்தினா சீழ் பிடிக்கும். அது நம்ம கையில இருக்கறது.

பிப்ரவரி 17

இன்னிக்கு எழுதறது கொஞ்சம் நீளம். பொறுத்துக்குங்க, எனக்கு இது மனசுக்குப் பக்கத்துல இருக்கற விஷயம்.

பொள்ளாச்சியில இருந்து ஒரு தங்கச்சி படம் அனுப்பியிருக்கா. ரெண்டரை மாசக் குட்டி, தலை ஒரு பக்கமா சாய்ஞ்சு, ஒரு கண்ணு மேல, ஒரு கண்ணு கீழ. நடந்தா வட்டமடிக்குது. "காதுல பொருக்கே இல்லை அக்கா, சுத்தமா இருக்கு. எல்லாரும் இது பிழைக்காது, தூக்கிப் போடுன்னு சொல்றாங்க."

தூக்கிப் போடாத.

தலை சாயறதுக்குக் காரணம் பல இருந்தாலும் குட்டிங்களுக்கு முக்கியமா ரெண்டைப் பார்க்கணும். ஒண்ணு, நடுக்காது, உள்காதுல சீழ். வெளிய இருந்து பார்த்தா எதுவும் தெரியாது. பாஸ்டுரெல்லா மாதிரி கிருமி மூக்குல சளியா ஆரம்பிக்கும், மூக்குக்கும் காதுக்கும் நடுவுல இருக்கற குழாய் வழியா ஏறும். தும்மல் இருந்துச்சா, முன்னங்கால் உள்பக்கம் முடி ஒட்டி ஒட்டி இருந்துச்சா (மூக்கைத் துடைச்சுத் துடைச்சு அப்படி ஆகும்)ன்னு யோசிச்சுப் பார். முயலோட சீழ் தண்ணியா இருக்காது, வெண்ணெய் மாதிரி கெட்டியா இருக்கும், தானா வடியாது. அதனால மருந்து வாரக்கணக்கா ஓடும்.

இன்னொண்ணு, என்செபாலிடோசூன் குனிகுலை. கண்ணுக்குத் தெரியாத ஒரு ஒட்டுண்ணி, மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கும். நோயுள்ள முயலோட மூத்திரம் வழியா பரவும், தாய்கிட்ட இருந்து குட்டிக்கும் வரும். பின்னங்கால் இழுக்கறது, கண்ணுல வெள்ளை விழறது இதெல்லாமும் சேர்ந்து வரலாம். இதுக்கு டாக்டருங்க ஃபென்பெண்டசோல் தருவாங்க, கிலோவுக்கு 20 மில்லிகிராம், தினம் ஒரு வேளை, 28 நாள். ஆட்டுக்குக் குடற்புழுவுக்குக் கொடுக்கற அதே மருந்து.

வெளியில இருந்து பார்த்து ரெண்டையும் பிரிச்சுச் சொல்ல முடியாது. டாக்டர் காதுக்குள்ள பார்ப்பார், முடிஞ்சா எக்ஸ்ரே எடுப்பார், சில நேரம் ரெண்டுக்கும் சேர்த்தே மருந்து ஆரம்பிப்பார்.

மருந்தை விட உன் கைதான் இப்ப அதுக்கு வேணும். கூண்டுல நாலு பக்கமும் சாக்கை மடிச்சு வை, உருண்டா அடிபடாது. கம்பி வலைத் தரை மேல தடிமனா சாக்கு விரி, ஈரமானா மாத்திடு. தண்ணிக் கிண்ணத்தை எடுத்துட்டு, ஈரத்தோட கீரையைக் கொடு. தலை சாய்ஞ்சதுக்குக் கிண்ணத்துல வாய் வைக்கத் தெரியாது, முகத்தை முக்கிடும். அகத்தி, முருங்கை, வேலிமசால் எதைத் தின்னாலும் வாய்க்கிட்ட பிடிச்சுக்க. எந்தப் பக்கம் சாய்ஞ்சிருக்கோ அந்தப் பக்கத்துக் கண்ணு தரையில உரசும், தினம் துடைச்சுவிடு. தூக்கும்போது திடீர்னு தூக்காத, உருள ஆரம்பிச்சிடும். உடம்போட அணைச்சுத் தூக்கு.

எங்க கொட்டகையில இப்படி ஒண்ணு இருந்துச்சு. சாம்பல் நிறம், சோவியத் சின்சிலா கலப்பு. அதுவும் வாரக்கணக்கா உருண்டுச்சு. நான் கையை நீட்டினா அகத்தி இலையைப் பிடிக்க வந்து, குறி தப்பி, என் மணிக்கட்டைப் பிடிச்சுக்கும். மெல்ல மெல்ல நேரா நின்னுச்சு. தலை மட்டும் கொஞ்சம் சாய்ஞ்சபடியே நின்னுபோச்சு, யாரையாவது கேள்வி கேட்கற மாதிரி. அப்படியே வளர்ந்து, அதோட வயசைப் பூரா வாழ்ந்துச்சு. எல்லாக் குட்டியும் பிழைக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். சாப்பிடற குட்டிக்கு ஒரு வாய்ப்பு கொடுக்கணும்.

பிப்ரவரி 18

தங்கச்சிக்கு ஒண்ணு விட்டுட்டேன், மத்தவங்களுக்கும்தான். சீழ்னு சொன்னதும் வீட்டுல இருக்கற மனுஷ ஆன்டிபயாட்டிக்கை உடைச்சு வாயில போடாதீங்க. அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டாமைசின், லிங்கோமைசின் எதையும் முயலுக்கு வாய் வழியா கொடுக்கக் கூடாது. குடல்ல இருக்கற நல்ல கிருமியை அழிச்சுடும், கெட்டது பெருகும், கழிச்சல்ல செத்துப்போகும். முயலுக்கு ஒத்துக்கற மருந்து வேற, அதை டாக்டர் எழுதட்டும்.

பிப்ரவரி 21

பேச்சு வேற எங்கயோ போயிட்டு இருக்கு, ஆனா காதைப் பத்தினதுதான், எழுதிடறேன்.

சந்தையில முயலைக் காதைப் பிடிச்சுத் தூக்கறாங்க. விக்கறவர் ஒரு கையில ரெண்டு ஜோடிக் காதைச் சேர்த்துப் பிடிச்சுத் தூக்கிக் காட்டறதை நானே எத்தனையோ தடவை பார்த்திருக்கேன். காது கைப்பிடி இல்லைங்க. உள்ள இருக்கறது மெல்லிசான குருத்தெலும்பு, அதுமேல தோல், நடுவுல ரத்தநாளம். முழு எடையும் அதுல தொங்கினா உள்ள ரத்தம் கட்டும், அடிப்பக்கம் கிழியும். குட்டியா இருந்தா காது நிமிராம மடிஞ்சே போயிடும். அந்த வலியில உதைக்கும்போது முதுகெலும்பு முறிஞ்ச முயலும் உண்டு.

ஒரு கை நெஞ்சுக்கு அடியில, ஒரு கை பின்பக்கத்துக்கு அடியில. சின்னக் குட்டின்னா உள்ளங்கையில வச்சாலே போதும். சந்தையில வாங்கப் போனா "நானே தூக்கிக்கறேன்"னு சொல்லி வாங்குங்க. ரெண்டு பேர் சொன்னா விக்கறவரும் மாறுவார். எங்க பக்கத்துச் சந்தையில ஒரு அண்ணன் இப்ப கூடையோடதான் காட்டறார்.

பிப்ரவரி 22

காட்டு முயல் குட்டி பத்திக் கேட்டவருக்கு: வயல்ல கிடைச்சது, பிறந்ததுலேருந்தே கண்ணு திறந்து முடியோட இருக்குன்னா அது நம்ம ஊர்க் காட்டு முயல். கூண்டு முயல் வேற சாதி, அது முடியில்லாம, கண்ணு மூடிப் பிறக்கும். காட்டு முயலோட காதுல உண்ணி ஒட்டியிருக்கறது சாதாரணம். 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிச்சு வளர்க்கக் கூடாது. தாய் தீவனம் தேடப் போனா குட்டியைத் தனியாத்தான் விட்டுட்டுப் போகும், அனாதைன்னு நினைக்காதீங்க. அடிபடலைன்னா எடுத்த இடத்துலயே விட்டுடுங்க, அடிபட்டிருந்தா வனத்துறைக்குச் சொல்லுங்க.

மார்ச் 2

கொட்டகை சுத்தம். இதை முன்னாடியே எழுதியிருக்கணும்னு தோணுது, பரவாயில்ல.

காது சொறிப் பூச்சி முயல் உடம்பை விட்டு விழுந்தாலும் குளிர்ச்சியும் ஈரமும் இருந்தா மூணு வாரம் வரைக்கும் உயிரோட இருக்கும். ஊசி போட்டுட்டு அதே கூண்டுல, அதே பெட்டியில விட்டா பாதி வேலைதான் ஆச்சு. இரும்புக் கூண்டா இருந்தா முயலை எல்லாம் வெளிய எடுத்துட்டு, ஒட்டின முடி, பொருக்கு மேல ஃபிளேம் கன் (தீயைப் பீய்ச்சற கருவி) காட்டிப் பொசுக்குங்க. பக்கத்துல ஓலை, சாக்கு எதுவும் இருக்கக் கூடாது. மரப் பெட்டியைக் கொதிக்கற தண்ணி ஊத்திக் கழுவி, நல்ல வெயில்ல நாள் கணக்கா காய வைங்க. பெட்டிக்குள்ள விரிச்சிருந்த பழைய தேங்காய் நாரை எரிச்சிடுங்க. தீவனத் தட்டு, தூக்கற துண்டு எல்லாத்துக்கும் பெட்டி மாதிரியே கொதிக்கற தண்ணியும் வெயிலும்தான்.

புதுசா வாங்கற முயலைக் குறைஞ்சது மூணு வாரம் தனியா வைங்க. கொடைக்கானல் மன்னவனூர் ஆராய்ச்சி மையம், நீலகிரி சாண்டிநல்லா பண்ணை மாதிரி அரசு இடத்துல வாங்கினாலும் சரி, சந்தையில வாங்கினாலும் சரி, என் கொட்டகைக்குள்ள இதே சட்டம்தான். வழியில வண்டியில எந்த முயலோட கூண்டு ஒட்டி வந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்?

மார்ச் 9

வெயில் ஏறுது, கேள்வியும் மாறுது. "குட்டிக்குக் காது செக்கச்செவேல்னு சூடா இருக்கு, காய்ச்சலா, காது நோயா?"

சொறியறதில்லை, உதறலை, பொருக்கில்லைன்னா அது பெரும்பாலும் வெயில்தான். முயலுக்கு நம்மள மாதிரி வேர்க்காது. உடம்புச் சூட்டை வெளிய விடறதுக்குக் காதுதான் முக்கிய வழி, ரத்தநாளம் விரிஞ்சு காது சிவக்கும். 30 டிகிரியைத் தாண்டினாலே அதுக்குத் திணறல். மூச்சு வேகமா வாங்குது, மூக்கு ஈரமா இருக்கு, நீட்டிப் படுத்துக் கிடக்குதுன்னா காதை ஈரத்துணியால ஒத்திவிடுங்க. முழு முயலைத் தண்ணியில முக்காதீங்க, அதிர்ச்சியில போயிடும். கூரை மேல தென்னங்கீத்து, அது மேல தண்ணி. மண்பானைத் துண்டைக் கூண்டுக்குள்ள வச்சா அது மேலயே போய்ப் படுத்துக்கும்.

வெயில் காலத்துல வளர்ற குட்டிக்குக் காது நீளமாவே வளரும். அதைப் பார்த்துக் கலப்பு முயலை ஏமாத்தி வித்துட்டாங்கன்னு விக்கறவர்கிட்ட சண்டைக்குப் போகாதீங்க!

மார்ச் 11

பொள்ளாச்சித் தங்கச்சி எழுதியிருக்கா. குட்டி இன்னும் சாய்ஞ்சுதான் இருக்கு, ஆனா உருள்றது நின்னுருக்கு. தானா வேலிமசாலைக் கடிச்சு இழுக்குதாம். மருந்து நாள் இன்னும் பாக்கி. நடுவுல நிறுத்திடாதம்மா, நேரானா கூட முழுசா கொடு.

மார்ச் 15

முதல் கேள்வி கேட்ட தம்பி மறுபடி வந்திருக்கார். தாய்க்கும் குட்டிங்களுக்கும் ரெண்டு ஊசி முடிஞ்சு, பொருக்கு எல்லாம் உதிர்ந்து, உள்ள ரோஸ் நிறத் தோல் வந்திருக்காம். உரிக்காம விட்டதுக்கு அந்தக் குட்டி சார்பா நான் நன்றி சொல்றேன். இப்ப கேட்கறது: "பெண் முயலை ஆண்கிட்ட விடலாமா? ஆணுக்கு ஒண்ணும் இல்லை, பார்த்தாச்சு."

ஆணுக்குக் காதோட அடிவரைக்கும் டார்ச் அடிச்சுப் பார்த்தீங்களா? மேலாப்புல சுத்தமா இருந்தா போதாதுன்னு தாய் முயலே காட்டிடுச்சே. ஆண் ஒண்ணுதான் எல்லாப் பெண் முயலையும் தொடறது, அதனால அதையும் டாக்டர்கிட்ட காட்டி, அவர் சொன்னா அதுக்கும் ரெண்டு ஊசி போட்டுடுங்க. தாய் முயலோட ரெண்டு காதையும் இன்னும் ரெண்டு வாரம் பாருங்க, மறுபடி பழுப்பு தட்டலைன்னா சேர்த்துவிடலாம். சினை ஆனா 28-லிருந்து 32 நாள்ல ஈனும், அதுக்குள்ள குட்டிப் பெட்டியைக் கழுவிக் காய வச்சுடுங்க.